மருந்துக்குக்கூட மருந்தில்லை

“மருந்து தீர்ந்து போச்சு மாப்ளே. சித்தூர் முழுக்கத் தேடிட்டேன், கிடைக்கலை” என்றார் மாமா தொலைபேசியில். எழுபதைத் தாண்டியவர், ரத்த அழுத்தக்காரர். பதறிப்போய், “டாக்டர் சீட்டை அனுப்புங்க மாமா, இங்கே சென்னையில் வாங்கி கூரியரில் போடுகிறேன்” என்றேன். மறுமுனையில் சிரிப்பு. “அந்த மருந்து இல்லடா. துப்பாக்கி மருந்து. அதை கூரியர்ல போட்டா உன்னையும் பிடிப்பான், என்னையும் பிடிப்பான்.”

சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாலையில் இருக்கிறது கங்காதர நெல்லூர். கடலோரத்துப் பெரிய நெல்லூரோடு குழம்பாமல் இருக்க ஜி.டி. நெல்லூர் என்று சுருக்கிச் சொல்வார்கள். மா, கரும்பு, வேர்க்கடலை இந்தப் பக்கத்துப் பயிர்கள். தெலுங்கில் ஆரம்பித்த வாக்கியம் தமிழில் முடிவது இங்கே சகஜம். அருகிலுள்ள ஒரு கிராமத்தில் என் தாய்மாமாவுக்கு மூன்று ஏக்கர் நிலம், ஒரு மாந்தோப்பு, அப்பா வழியில் வந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று. துப்பாக்கிக்கு முறையான லைசென்ஸ் உண்டு. மாமா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார்.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் இந்த ‘மருந்து’ என்னைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டது. தமிழில் நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து, துப்பாக்கியில் போடுவதும் மருந்து. தெலுங்கின் ‘மந்து’ இந்த மூன்றோடு சாராயத்தையும் சேர்த்துக்கொள்கிறது. “நாலு மந்தும் விலை ஏறிப்போச்சு. ஆனா மூணு மந்து காசு கொடுத்தா கிடைக்குது. நாலாவது காசு கொடுத்தாலும் கிடைக்கல” என்கிறார் மாமா. துப்பாக்கி என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. அது துருக்கியிலிருந்து நமக்கு வந்தது. ஆனால் மழையைப் போற்றும் அதிகாரத்தில் வள்ளுவர் ஆள்கிற அதே ஒலியுள்ள சொல்லுக்கு உணவை உண்டாக்கி என்று பொருள். எம்.ஏ. வகுப்பில் சிரிப்பை வரவழைக்கும் இந்த ஒற்றுமை மாமாவின் வயலில் நிஜம். துப்பாக்கி சத்தம் போட்டால்தான் அங்கே உணவு மிஞ்சும்.

மேல்நாடுகளில் ‘ரீலோடிங்’ என்று ஒரு பழக்கம் உண்டு. சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டை எறியாமல் எடுத்து வைத்து, புதிய கேப்பு, புதிய மருந்து, புதிய குண்டு போட்டு வீட்டு மேஜையிலேயே மறுபடி நிரப்புவது. பலருக்கு அது சிக்கனம், சிலருக்குப் பொழுதுபோக்கு. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்காரருக்கு இது பொழுதுபோக்கு அல்ல. அவரது துப்பாக்கியே அப்படிப்பட்டது. தோட்டா என்ற பேச்சே கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நார் வைத்துக் கம்பியால் இடித்துக் கெட்டித்து, தேவையானால் ஈய ரவையைப் போட்டு, பின்பக்கம் கேப்பு மாட்ட வேண்டும். ஒரு வெடிக்கு நாலு சாமான். அதில் நார் மட்டும்தான் வீட்டில் கிடைக்கும். மருந்தோ கேப்போ இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்.

இந்தக் குழாயை விவசாயியின் கையில் கொடுத்தது சட்டம்தான். 1959ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13வது பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் தரலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. பன்றியிடமிருந்து பயிரைக் காப்பது ஒரு நியாயமான தேவை என்று ஏற்றுக்கொண்ட சட்டம் அது. ஆனால் துப்பாக்கிக்கு வழி சொன்ன சட்டம் மருந்துக்கு வழி சொல்லவில்லை. அதே சட்டத்தின் இரண்டாவது பிரிவில் ‘வெடிபொருள்’ என்பதற்கான விளக்கம் தோட்டாவோடு நிற்பதில்லை. தோட்டாவின் பாகங்கள், அதைச் செய்யும் இயந்திரம், அரசு அறிவிக்கும் மூலப்பொருள்கள் வரை அது நீள்கிறது. தயாரிக்க வேண்டுமானால் தனி லைசென்ஸ். ஆபத்தான பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நேர்வழியில் வாங்க நினைப்பவருக்குக் கடை எங்கே என்ற கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

மாமாவின் இளமையில் சித்தூரில் மருந்தும் கேப்பும் ரவையும் விற்ற கடைகள் உண்டாம். இப்போது ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்றில் மகன் செல்போன் விற்கிறான். கணக்குப் புத்தகங்கள், சோதனைகள், புதுப்பித்தல்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைகிற வாடிக்கையாளர்கள். இவ்வளவையும் தாங்கி ஒருவர் ஏன் மருந்துக் கடை நடத்த வேண்டும்? வேலூர், திருப்பதி என்று அலைந்தால் எப்போதாவது கொஞ்சம் கிடைக்கும். பஸ் செலவைச் சேர்த்தால் ஒவ்வொரு வெடியும் கல்யாணச் செலவு.

அக்கம்பக்கத்தில் தோட்டா போடும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் நன்றாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. நம் நாட்டில் 12 போர் தோட்டா என்றால் புனே அருகில் உள்ள கட்கி ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் பெயர்தான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். ஆர்டினன்ஸ் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1ம் தேதி கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. தோட்டா, வெடிமருந்துப் பிரிவு மியூனிஷன்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. நீலகிரி மலை ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்க்கும் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் இதில் சேர்த்தி. நூற்றாண்டைத் தாண்டிய அந்தத் தொழிற்சாலை புகையில்லா மருந்து செய்கிறது. இந்தத் தொழிற்சாலைகளின் முதல் கடமை ராணுவத்துக்கு. கடலைக் கொல்லைக்காரர் வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

வரிசையும் இப்போது உலகளவில் நீண்டுவிட்டது. 2020ல் கொரோனா பயத்தில் அமெரிக்கர்கள் துப்பாக்கி வாங்கிக் குவித்தபோது அங்கே கேப்புக்குப் பஞ்சம் வந்தது. வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் காலிக் கூடுகளை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். ஓராண்டில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருகிறோம் என்று 2023 மார்ச்சில் உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்த ஐரோப்பிய நாடுகளால் கெடுவுக்குள் சுமார் பாதியைத்தான் தர முடிந்தது. புகையில்லா மருந்துக்கு வேண்டிய நைட்ரோசெல்லுலோஸுக்கு மூலம், பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு. அதற்குச் சீனாவை நம்பியிருக்கிறோம் என்பதை ஐரோப்பா அப்போதுதான் உணர்ந்தது. ஈய ரவையைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் ஆன்டிமணி, நம் பழைய அஞ்சனக்கல்லில் இருக்கும் உலோகம். அதன் ஏற்றுமதிக்குச் சீனா 2024 செப்டம்பரில் கட்டுப்பாடு விதிக்க, அதன் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. உலகச் சந்தையில் யாரோ எங்கோ வாங்கிக் குவிக்கும்போது கடைசி வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது காலி அலமாரி.

விளையாட்டு வீரர்களுக்கும் இந்தச் சூடு உண்டு. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற டிராப் போட்டியில் தகுதிச் சுற்றுக்கு மட்டும் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுடலாம். ஒரு போட்டிக்கே இவ்வளவு என்றால் பயிற்சிக்கு எத்தனை தோட்டா வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சாதனை படைத்த வீரருக்குத் தோட்டா இறக்குமதி செய்ய ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஜி.டி. நெல்லூர் விவசாயிக்கு அப்படி எந்த வாசலும் இல்லை. அவர் சாதித்ததாக யாரும் பதக்கமும் தரவில்லை.

மாமாவின் சமாளிப்புகளைக் கேட்டேன். சொல்லச் சொல்ல ஒரு பட்டியலே வந்தது. முதலில் வெடிகளை எண்ண ஆரம்பித்தாராம். ராத்திரிக்கு மூன்று என்றிருந்தது ஒன்றாகி, பிறகு வாரத்துக்கு ஒன்றாயிற்று. ரவை போடுவதை அடியோடு நிறுத்திவிட்டார். “சத்தம் போதும். பன்றியைக் கொல்றது என் வேலை இல்ல, விரட்டறதுதான்.” சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1972ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை அனுமதி இல்லாமல் கொல்ல முடியாது. 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் அது இரண்டாவது அட்டவணைக்கு உயர்ந்திருக்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் வேட்டை லைசென்ஸ் ஆகாது.

அடுத்து பட்டாசு. தீபாவளிக்கு வாங்கிய அணுகுண்டில் பாதியைப் பேரனிடமிருந்து பிடுங்கி வைத்தார். பத்து நாளில் பன்றிகள் பழகிவிட்டன. வயலைச் சுற்றி வண்ண வண்ணமாக அத்தையின் பழைய புடவைகள். சலூனிலிருந்து மூட்டையாக மனித முடி. நாய் குரைப்பதைப் பதிவுசெய்து இரவெல்லாம் ஒலிக்கும் சின்ன ஒலிபெருக்கி. கடைசியில் பரண்மேல் உட்கார்ந்து எண்ணெய் டின்னைத் தட்டுவது. ஒவ்வொன்றும் சில நாள் பலித்தது. பன்றிக்கு மூக்கும் காதும் மட்டுமல்ல, ஞாபகமும் உண்டு. சென்ற ஐப்பசியில் நான் போயிருந்தபோது பறிக்கத் தயாராக இருந்த கடலையில் நாலு பாத்தியை ஒரே ராத்திரியில் ஏர் உழுத மாதிரி புரட்டிப் போட்டிருந்தன. மாமா தலையில் துண்டோடு அந்த ஓரத்தில் குந்தியிருந்தார். துப்பாக்கி வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து ஊரில் ஒருவர் கேப்புக்குப் பதில் எதையோ வைத்துப் பார்த்தாராம். வலது கையில் இப்போது மூன்று விரல். இந்த விஷயத்தில் கைவைத்தியம் வேண்டாம் என்பதற்கு அந்தக் கையைவிடப் பெரிய பிரசாரம் தேவையில்லை.

ஆனால் நான் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தது புடவைக்காகவும் டின்னுக்காகவும் அல்ல. மருந்து விலை ஏறினால் பன்றிகள் தப்பிக்கும், நல்லதுதானே என்று நகரத்தில் இருக்கும் நாம் நினைக்கக்கூடும். அப்படி நடப்பதில்லை. லைசென்ஸ் உள்ள வழி அடைபடும்போது லைசென்ஸ் இல்லாத வழிகள் திறக்கின்றன. அவை இரண்டு. ஒன்று அவுட்டுக்காய். தீனிக்குள் வெடியை மறைத்து வைப்பது. அதைக் கடிப்பது பன்றியா, பசுவா, யானையா என்று வெடிக்குத் தெரியாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்துப் பதறியது.

இன்னொன்று கம்பி. வேலியில் நேரடியாக மின்சாரத்தைப் பாய்ச்சுவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் இப்படி ஒரே வயலில் விழுந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றி வந்தன. நிலத்துக்காரர் கைதானார். கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய பலமநேர், குப்பம் பக்கங்களிலும் மின்சாரத்தால் யானைகள் சாவது புதிதல்ல. யானை செத்தால் செய்தி வருகிறது. அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போய், அடுத்தவர் கம்பியை மிதித்துச் சாகும் விவசாயிக்கு மாவட்டப் பதிப்பில் நாலு வரி.

இதில் ஒரு விபரீதமான கணக்கு ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1990 முதலும் ஆந்திரத்தில் 2004 முதலும் விவசாய மின்சாரம் இலவசம். ஹார்டுவேர் கடையில் கட்டுக்கம்பி வாங்க லைசென்ஸ் வேண்டாம், போலீஸ் விசாரணை வேண்டாம், புதுப்பித்தல் வேண்டாம். எச்சரித்து விரட்டும் வெடிக்கு ஆயிரம் தடை. எச்சரிக்காமல் கொல்லும் கம்பிக்குத் தடை சட்டப் புத்தகத்தில் மட்டும். எது மலிவோ அதை நோக்கித்தான் மனிதக் கை போகும். பொருளாதாரம் படிக்காத மாமாவுக்குக்கூட இது தெரிகிறது.

வருமானத்தையும் பார்க்க வேண்டும். 2025ல் சித்தூர் மாவட்டத்தில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தபோது கிலோவுக்கு கூழ்த் தொழிற்சாலைகள் எட்டு ரூபாய், அரசு நாலு ரூபாய், ஆக மொத்தம் 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த எட்டு ரூபாயும் முழுதாகக் கைக்கு வரவில்லை என்பது தோப்புக்காரர்களின் புகார். ஒரு தோட்டாவுக்கு எத்தனை கிலோ மாங்காய் என்று மாமா விரல்விட்டு எண்ணுகிறார். விலை கடைக்குக் கடை மாறுவதால் எண்ணிக்கையை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் எண்ணி முடிக்க இரண்டு கை போதவில்லை.

அரசுகள் சும்மா இருக்கின்றன என்று சொல்ல முடியாது. கேரளம் 2022 மே மாதம் ஊராட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்தது. லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களின் பட்டியலிலிருந்து ஆளை அழைக்கலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 மே மாதம் கர்நாடகம் கொடுத்த நான்கு கும்கி யானைகள் பலமநேர் பக்கம் முகாமிட்டன. யானைக்கு யானை கிடைத்துவிட்டது. பன்றிக்கு கும்கி கிடையாதே. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் 2026 காரீப் பருவத்திலிருந்து சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள் செல்போன் செயலியில் படத்தோடு தெரிவிக்க வேண்டும். நல்ல காரியம்தான். மாமாவின் செல்போன் பட்டன் அழுத்தும் ரகம் என்பது வேறு விஷயம்.

இவற்றில் எதுவும் மருந்துக் கடையைத் திறக்கவில்லை. சுட ஆளை நியமித்தாலும் அவர் கையில் தோட்டா வேண்டும். அதைத் தன் சொந்தக் காசில் எவ்வளவு நாள் அவர் வாங்குவார்? பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியல் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்ற அளவும் எழுதி வைத்ததுதான். விதைக்கும் உரத்துக்கும் ஒரு ஏற்பாடு இருப்பது போல, மாவட்டத்துக்கு ஓரிடத்தில், போலீஸ் கண்காணிப்பில், அடக்க விலையில், காலிக் கூட்டையோ பழைய கணக்கையோ காட்டினால்தான் அடுத்தது என்ற நிபந்தனையோடு கொடுத்தால் என்ன? துப்பாக்கியே வேண்டாம் என்று அரசு நினைத்தால் அதையும் நேராகச் சொல்லலாம். லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒழுங்கான சூரிய மின்வேலிக்கு முழு மானியம் கொடுக்கலாம். விட்டு விட்டு அடிக்கும் அந்த மின்வேலி உதறும், கொல்லாது. இரண்டில் ஒன்று. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு மருந்தை மறந்துவிடுவது மட்டும் கொள்கை ஆகாது.

மாமா இந்த முறையும் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகிறார். 2024 மே தேர்தலின்போது எல்லோரையும் போல அவரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினார். தேர்தல் முடிந்து திரும்பி வந்தபோது அதில் மருந்து வாடையே இல்லை என்று வருத்தப்பட்டார். சுடாத துப்பாக்கிக்கு எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று கேட்டேன். “அது சுவத்துல தொங்கறதாலதான் நான் இன்னும் நேர்வழியில இருக்கேன்” என்றார்.

விடைபெறும்போது தாழ்வாரத்து மூலையில் சாக்குக்கு அடியில் புதிதாக ஒரு கட்டுக்கம்பிச் சுருள் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை மாமா பார்த்துவிட்டார். “வாங்கி ஒரு மாசம் ஆச்சு மாப்ளே. உங்க அத்தை கட்ட விடமாட்டேங்கறா. காலையில வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி அந்த வழியாத்தான் பக்கத்து வீட்டுப் பொண்ணு பால் ஊத்தப் போகுது.”

ஊருக்குத் திரும்பிய பிறகு வாரம் ஒரு முறை போன் செய்கிறேன். மருந்து கிடைத்ததா என்று கேட்பதில்லை. கம்பி மூலையிலேயே இருக்கிறதா என்று மட்டும் அத்தையிடம் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை இருக்கிறது.